கடிகாரம் சரி... காலண்டர் எங்கே?

கோவையிலிருந்து பொள்ளாச்சி போகிறவர்கள் மேம்பாலத்தில் ஏறாமல் கீழ்ச்சாலையைப் பிடித்தால் கிணத்துக்கடவு வந்துவிடும். ஒரு பக்கம் பொன்மலை வேலாயுதசாமி கோயில் குன்று, இன்னொரு பக்கம் தக்காளிப் பெட்டி ஏற்றிய டெம்போக்கள். சாயங்கால நேரத்துப் பேக்கரி ஒன்றில் தேங்காய் பன்னும் டீயுமாக நான்கு கல்லூரிப் பையன்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவன் மேசையில் சிந்திய டீயை விரலால் இழுத்துக் கோடு போடுகிறான்.

"இது கைதி. இது விக்ரம். நடுவுல எத்தனை மாசம்டா மாப்ள?"

"ஆறு மாசம்னு வெச்சுக்க."

"ஆறே மாசத்துல அடைக்கலம் எப்புட்றா வெளிய வந்தான்? அன்பு எப்புட்றா வந்தான்? பெயிலா, தப்பிச்சானுங்களா?"

பதில் இல்லை. கிளாஸை எடுக்க வந்த கடைக்காரரைப் பிடித்துக்கொள்கிறார்கள். "ஏனுங்ண்ணா, நீங்களே சொல்லுங்க, படத்துல காட்டுனாங்களா?"

"எனக்கெங்கப்பா தெரியும்? நம்மூருக்காரருதான எடுத்தாரு. வந்தா கேட்டுப்போடுங்க."

அந்த 'நம்மூருக்காரர்' லோகேஷ் கனகராஜ். 1986 மார்ச் 14 அன்று கிணத்துக்கடவில் பிறந்தவர். கோவை பி.எஸ்.ஜி. கலை அறிவியல் கல்லூரியில் ஃபேஷன் டெக்னாலஜி படித்து, பிறகு எம்.பி.ஏ. முடித்து, வங்கி வேலைக்குப் போய், குறும்படம் எடுத்து, அங்கிருந்து சினிமாவுக்கு வந்தார். 'கைதி', 'விக்ரம்', 'லியோ' ஆகிய மூன்று படங்களை ஒரே உலகத்தில் இணைத்தார். ரசிகர்கள் அதற்கு எல்சியு, அதாவது லோகேஷ் சினிமாடிக் யுனிவர்ஸ் என்று பெயர் வைத்தார்கள். ஒரு படத்தில் அடிபட்டவன் இன்னொரு படத்தில் தழும்போடு வருகிறான். ஒரு படத்தில் பெயர் மட்டும் சொல்லப்பட்டவன் அடுத்ததில் வில்லனாக நிற்கிறான். தமிழ் ரசிகனுக்கு அது புது போதை.

இப்போது அந்த உலகத்தின் கால வரிசையில் இடிக்கும் இடங்கள் ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன. எது முன்னே, எது பின்னே, இவன் அப்போது எங்கே இருந்தான் என்று கேட்பவர்கள் குறை கண்டுபிடிக்கக் காத்திருப்பவர்கள் அல்லர். அந்தப் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தவர்கள். அதனால்தான் இந்தக் கேள்விகளுக்கு மரியாதை கொடுத்தாக வேண்டும்.

கேப் கட்டாத சூப்பர் ஹீரோக்கள்

'கைதி'யின் டில்லியும் உளவாளி விக்ரமும் லியோவும் பறப்பதில்லை, முகமூடியோடு கட்டடம் தாவுவதில்லை. ஆனால் ஒற்றை ஆளாக ஒரு படையையே சாய்க்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் மறைத்து வைத்த ஒரு பழைய வாழ்க்கை இருக்கிறது, தனியாக ஒரு பின்னணி இசை இருக்கிறது. 'இரும்புக்கை மாயாவி' என்ற சூப்பர் ஹீரோ கதையைப் படமாக்க வேண்டும் என்று லோகேஷ் பல வருடங்களாகப் பேசி வந்திருக்கிறார். 1972-ல் சிவகாசியில் தொடங்கிய முத்து காமிக்ஸ் வழியாகத் தமிழ்ப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக அறிந்த பெயர் அது. கொங்கு மண்ணுக்கு இந்த வகை நாயகன் புதியவனும் அல்லன். எம்.ஜி.ஆர். நடித்த 'மலைக்கள்ளன்' 1954-ல் கோவை பட்சிராஜா ஸ்டுடியோவின் தயாரிப்புதான்.

ஓர் இரவைக் கட்டத் தெரிந்தவர்

2019 அக்டோபர் 25. தீபாவளிக்கு 'பிகில்' என்ற பெரிய படத்தோடு மோதி 'கைதி' வெளியானது. பாட்டு இல்லை, கதாநாயகி இல்லை. பத்து வருடச் சிறைவாசம் முடிந்து, பார்த்தேயிராத மகளைப் பார்க்கக் கிளம்பும் ஒருவனின் ஒரே ஓர் இரவு. மயங்கிக் கிடக்கும் போலீஸ்காரர்களை லாரியில் போட்டுக்கொண்டு டில்லி ஒரு பக்கம் ஓட்டுகிறான். கமிஷனர் அலுவலகத்தில் கான்ஸ்டபிள் நெப்போலியன் மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு கதவைக் காக்கிறார். இன்னொரு பக்கம் போதைக் கும்பலைச் சேர்ந்த அன்புவின் கூட்டம். காப்பகத்தில் டில்லியின் மகள் அமுதா விழித்திருக்கிறாள். நான்கு சரடும் ஒரே கடிகாரத்தில் ஓடுகின்றன.

இது எவ்வளவு கடினம் என்பதைப் படப்பிடிப்புத் தளத்தில் நின்று பார்த்தவர்கள் அறிவார்கள். சினிமாவில் காட்சிகளை வரிசையாக எடுப்பதில்லை. முதல் சண்டையை மூன்றாம் வாரத்திலும் கடைசிச் சண்டையை முதல் வாரத்திலும் எடுக்க நேரும். உதவி இயக்குநர்களில் ஒருவருக்கு 'கன்டினியூட்டி' பார்ப்பதே வேலை. காயம் எந்தப் புருவத்தில், ரத்தம் சட்டையின் எந்தப் பக்கம், நெற்றியில் இட்ட விபூதி இந்நேரம் எவ்வளவு அழிந்திருக்கும் என்று ஒவ்வொரு ஷாட்டுக்கும் குறிப்பெடுத்து, போட்டோவும் எடுத்து வைப்பார்.

'கைதி'யில் டில்லியின் நெற்றியைக் கவனித்துப் பாருங்கள். விபூதி பூசியபடி வருகிறான், வியர்க்கிறான், அடிபடுகிறான், பக்கெட் பிரியாணியைப் பசியோடு அள்ளிச் சாப்பிடுகிறான், மறுபடி லாரி ஏறுகிறான். பல இரவுகளில் எடுத்தது திரையில் ஒரே இரவாகப் பிசிறில்லாமல் நிற்கிறது. மகளுக்காக வைத்திருக்கும் கம்மலைப் படம் எந்த அடிதடிக்கு நடுவிலும் மறக்கவில்லை. 2017-ல் வந்த 'மாநகரம்' படமும் இதே சாமர்த்தியத்தில் கட்டியதுதான்.

மணிக்கணக்கில் நடக்கும் கதையை இவ்வளவு துல்லியமாகச் சொல்லும் இயக்குநர்கள் தமிழில் மிகக் குறைவு. சிக்கல் வருடக் கணக்கில் வருகிறது. லோகேஷின் கடிகாரம் சரியாக ஓடுகிறது. சுவரில் காலண்டர் மாட்டவில்லை.

---
பெட்டிச் செய்தி: எது உள்ளே, எது வெளியே?

உள்ளே: கைதி (2019), விக்ரம் (2022), லியோ (2023). தயாரிப்பில் 'பென்ஸ்'. கதை லோகேஷுடையது, இயக்கம் பாக்கியராஜ் கண்ணன், நாயகன் ராகவா லாரன்ஸ்.

வெளியே: மாஸ்டர் (2021), கூலி (2025).

இடிக்கும் முகம்: 'கைதி'யிலும் 'விக்ரம்' படத்திலும் அன்புவாக வரும் அர்ஜுன் தாஸ், 'மாஸ்டர்' படத்தில் வேறு ஆள்.
---

விடை தராத இடங்கள்

எல்சியு முன்கூட்டியே வரைந்த திட்டம் அல்ல. 'கைதி' தனிப்படமாகத்தான் வந்தது. 'விக்ரம்' வெளியாவதற்கு முந்தைய நாள், 2022 ஜூன் 2 அன்று, லோகேஷ் ரசிகர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். 'விக்ரம்' உலகத்துக்குள் வருவதற்கு முன் 'கைதி'யை ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள் என்று அதில் கேட்டுக்கொண்டார். ஓர் இயக்குநர் தன் பார்வையாளரின் ஞாபக சக்தியை நம்பி எழுதிய கடிதம் அது. பார்வையாளரும் நம்பிப் பார்த்தார்கள். பார்த்ததால்தான் கேட்கிறார்கள்.

'கைதி' முடியும்போது அடைக்கலமும் அன்புவும் போலீஸ் பிடியில் இருக்கிறார்கள். 'விக்ரம்' முடியும்போது போதை உலகத் தலைவன் ரோலெக்ஸ் முன்னால் நிற்கிறார்கள். நடுவில் என்ன நடந்தது என்று ஒரு காட்சிகூட இல்லை. அடைக்கலம் மாதிரி பெரிய போதைக் கும்பலின் தலைவன் வெளியே வருவது அந்த உலகத்தில் பெரிய செய்தியாக இருக்க வேண்டாமா? அவன் கும்பலோடு மோதி ஓர் இரவு முழுக்கச் செத்துப் பிழைத்த இன்ஸ்பெக்டர் பிஜாய் 'விக்ரம்' படத்திலும் வருகிறார். அவருக்காவது அது ஓர் இடியாக இறங்கியிருக்க வேண்டும்.

அடுத்தது நெப்போலியன். ஜார்ஜ் மரியான் நடித்த அந்தக் கான்ஸ்டபிளைத் தமிழ்நாடே கொண்டாடியது. மாற்றலாகி வந்த முதல் நாளே திருச்சி கமிஷனர் அலுவலகத்தைக் காக்க நேர்ந்த மனிதர். 'லியோ'வில் இமாசலப் பிரதேசத்தின் தியோகில், கதாநாயகன் பார்த்திபனின் குடும்பத்துக்குக் காவலாக வருகிறார். தியேட்டர் அதிர்ந்தது. ஆனால் நம் அரசியல் சட்டத்தில் காவல்துறை மாநிலப் பட்டியலில் இருக்கிறது. தமிழ்நாட்டுக் கான்ஸ்டபிளுக்கு இமாசலத்தில் சாதாரணமாகப் போஸ்டிங் கிடைக்காது. விக்ரமின் ரகசியப் படை அவரைக் கொண்டுபோய் வைத்தது என்றால் அருமையான கதை. அதைப் படம் சொல்லியிருக்க வேண்டும், ரசிகன் சொல்லக் கூடாது.

ஒரு கணக்கு மட்டும் அழகாக ஒத்துப்போகிறது. சுஜாதா எழுதி, ராஜசேகர் இயக்கிய பழைய 'விக்ரம்' 1986 மே மாதம் வெளியானது. லோகேஷ் பிறந்து இரண்டரை மாதம்கூட ஆகாத நேரம். 36 வருடம் கழித்து அதே உளவாளி வயதாகி வருகிறார். கமல்ஹாசனுக்கும் நிஜமாகவே 36 வயது கூடியிருக்கிறது. வளர்ந்த மகன், கைக்குழந்தையாய்ப் பேரன் என்றால் நம்ப முடிகிறது. நடிகரின் நிஜ வயதே காலண்டராகிவிட்டது. அதற்காகப் பழைய படம் முழுவதையும் இந்த உலகத்தில் சேர்க்க முடியுமா? சலாமியா என்ற கற்பனை தேசம், அதன் அரசவை, அக்னிபுத்திரன் ஏவுகணை இவையெல்லாம் ரோலெக்ஸ் நடமாடும் உலகத்தில் ஒட்டவே ஒட்டாது. அதைத் தொடாமல் பெயரையும் முகத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டது லோகேஷ் செய்த சரியான தேர்வு.

படத்துக்கு வெளியே வந்த பதில்

'லியோ' 2023 அக்டோபர் 19 அன்று வெளியானது. பிளாஷ்பேக் பலருக்கு ஒட்டவில்லை. 1999-ல் தீயில் இறந்துபோனதாக நம்பப்படும் லியோ தாஸ்தான் பார்த்திபனின் பழைய முகம். அவன் கதையைப் படத்தில் மன்சூர் அலிகான் நடித்த பாத்திரம்தான் சொல்கிறது. விமர்சனம் எழுந்த பிறகு அளித்த பேட்டியில், அது அந்தப் பாத்திரத்தின் பார்வை, அவன் சொன்னது பொய்யாகவும் இருக்கலாம் என்றார் லோகேஷ்.

யோசனை நல்ல யோசனைதான். ஒருவன் சொல்லும் கதையை நம்பலாமா என்ற சந்தேகம் அந்தப் படத்துக்கு நன்றாகப் பொருந்தும். ஆனால் அது பேட்டியில் இருக்கிறது, படத்தில் இல்லை. காங்கேயத்தில் டிக்கெட் எடுத்து, குடும்பத்தோடு படம் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனவருக்கு அந்தப் பேட்டி போய்ச் சேரவில்லை. இதில் இன்னொரு விளைவும் இருக்கிறது. பிளாஷ்பேக் பொய் என்றால் 1999 என்ற வருடமும் ஆட்டம் காண்கிறது. லியோவின் குடும்பத்தைச் சேர்ந்த ஹெரால்டும் ஆண்டனியும் செய்ததாகக் காட்டியதும் ஆட்டம் காண்கிறது. ஒரு முடிச்சை அவிழ்க்கப் போய் நான்கு முடிச்சு விழுகிறது.

பக்கத்து வீட்டிலும் இதே பாடு

---
பெட்டிச் செய்தி: ஹாலிவுட்டில் உதைத்த கணக்குகள்

ஸ்பைடர்மேன் ஹோம்கமிங் (2017): மார்வெல் உலகத்தில் நியூயார்க் சண்டை நடந்தது 2012-ல். அதன் இடிபாடுகளை அள்ளும் காட்சியை அடுத்து 'எட்டு வருடங்களுக்குப் பிறகு' என்று திரையில் எழுதினார்கள். மற்ற படங்களின் கணக்குப்படி நான்கு வருடம்தான் ஆகியிருந்தது.

எக்ஸ்மென்: 'ஃபர்ஸ்ட் கிளாஸ்' (2011) படத்தில் 1962-லேயே பேராசிரியர் சேவியரின் கால்கள் செயலிழக்கின்றன. அதற்கு முன்பே வெளியான 'தி லாஸ்ட் ஸ்டாண்ட்' (2006), 'ஆரிஜின்ஸ்: வுல்வரின்' (2009) படங்களில் அதற்குப் பிந்தைய காலத்திலும் அவர் நடக்கிறார். 'டேஸ் ஆஃப் ஃபியூச்சர் பாஸ்ட்' (2014) வுல்வரினின் மனதை 1973-க்கு அனுப்பி, வரலாற்றையே மாற்றிவிட்டது.

2023-ல் மார்வெல் தன் படங்களின் அதிகாரபூர்வக் கால வரிசையைப் புத்தகமாகவே வெளியிட்டது.
---

நம் பக்கத்திலும் உண்டு. ஷங்கரின் 'எந்திரன்' (2010) முடிவில் 2030-ல் ஓர் அருங்காட்சியகம் வருகிறது. கழற்றி வைக்கப்பட்ட சிட்டி என்ற ரோபோவைப் பள்ளிப் பிள்ளைகள் பார்க்கிறார்கள். 2018-ல் வந்த '2.0' படத்தில் சிட்டி மறுபடி பொருத்தப்பட்டு ஓடியாடுகிறது. 2030-ல் அங்கே நிற்பது எந்தச் சிட்டி? 'இந்தியன் 2' (2024) வந்தபோதும் இதே பேச்சுதான். நேதாஜியின் படையில் இருந்த சேனாபதிக்கு இப்போது நூறு வயது தாண்டியிருக்க வேண்டுமே என்று ஊரே விரல் விட்டு எண்ணியது.

முன்பெல்லாம் யாரும் எண்ணவில்லையா என்றால், முன்பு எண்ண வசதி இல்லை. தியேட்டரில் படத்தை நிறுத்திப் பார்க்க முடியாது. இன்றைக்கு 'விக்ரம்', 'லியோ' இரண்டும் ஓடிடி தளங்களில். பொள்ளாச்சி பஸ்ஸில் போகிற பிள்ளை நிறுத்தி, பின்னால் தள்ளி, பெரிதாக்கிப் பார்க்கிறது.

இதற்கு ஒரு பழைய வழி உண்டு, வருடமே சொல்லாமல் விடுவது. பழைய 'விக்ரம்' கதையை எழுதிய சுஜாதாவின் கணேஷும் வசந்தும் பல பத்தாண்டுகள் வயதே ஏறாமல் வழக்காடினார்கள். கோவைக்காரரான ராஜேஷ்குமாரின் விவேக்கும் அப்படித்தான். வாசகர்கள் கேள்வி கேட்கவில்லை, ஏனென்றால் அங்கே யாரும் கணக்குத் தரவில்லை. லோகேஷ் தந்துவிட்டார். பத்து வருடச் சிறை என்றார், 1999 என்றார். எண்ணைத் திரையில் போட்ட பிறகு ரசிகன் கழித்துப் பார்க்காமல் இருக்க மாட்டான்.

இந்த மண்ணில் அதற்கொரு பழக்கமும் இருக்கிறது. அண்ணன்மார் கதையை இங்கே உடுக்கையடித்துப் பல இரவுகள் பாடுவார்கள். 1965-ல் காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்தில் கனடா நாட்டு மானுடவியலாளர் பிரெண்டா பெக் அந்தக் கதையை இரவிரவாக ஒலிப்பதிவு செய்தார். பொன்னரும் சங்கரும் வருவதற்கு முன்பே குன்னுடையான், தாமரை என்று முன்தலைமுறையின் கதை நீண்டுகொண்டு போகும். யாருக்கு யார் பிள்ளை, எந்தச் சாபம் யார் காலத்தில் வந்தது என்பதெல்லாம் உட்கார்ந்து கேட்கிற பாட்டிகளுக்கும் தெரியும். பாடுகிறவர் ஒரு தலைமுறையை விட்டுவிட்டுத் தாண்ட முடியாது. பேக்கரியில் டீக்கோடு போடும் பையன்கள் அந்தப் பாட்டிகளின் பேரன்கள்.

ஒரே உலகம், தனித்தனிச் சாவிகள்

இதையெல்லாம் உட்கார்ந்து எழுதிச் சரிசெய்துவிடலாமே என்று தோன்றும். பேப்பரில் முடியும். ஆனால் இந்த உலகம் ஒருவர் கையில் இல்லை.

டில்லியும் அடைக்கலமும் ட்ரீம் வாரியர் பிக்சர்ஸின் படத்தில் பிறந்தவர்கள். விக்ரமும் ரோலெக்ஸும் ராஜ்கமல் ஃபிலிம்ஸ் இன்டர்நேஷனலின் படத்தில். லியோ, செவன் ஸ்கிரீன் ஸ்டுடியோவின் படத்தில். 'பென்ஸ்' படத்துக்கு லோகேஷின் சொந்த நிறுவனமான ஜி ஸ்குவாடுடன் வேறு கம்பெனிகளும் கூட்டு. ஒரு பாத்திரம் வாசல் தாண்டி அடுத்த படத்துக்குள் வர, உரிமை வைத்திருக்கும் தயாரிப்பாளர் மனது வைக்க வேண்டும். மார்வெலில் கெவின் ஃபைகி என்ற ஒருவர் மேசையில் எல்லாம் போய்ச் சேரும். அங்கேயே எக்ஸ்மென் ஆட்கள் வேறு கம்பெனியிடம் இருந்ததால், 2019-ல் டிஸ்னி ஃபாக்ஸை வாங்கும் வரை இரண்டு கூட்டமும் சேர முடியவில்லை. இங்கே இத்தனை தயாரிப்பாளர்கள் வழிவிட்டு இந்த உலகம் இவ்வளவு தூரம் வந்ததே தமிழ் சினிமாவில் பெரிய காரியம்.

உரிமையைப் பேசி வாங்கிவிடலாம். காலத்தை அப்படி வாங்க முடியாது. 2024 பிப்ரவரியில் 'லியோ' நாயகன் விஜய் தமிழக வெற்றிக் கழகத்தைத் தொடங்கினார். ஒப்புக்கொண்ட படங்களோடு சினிமாவிலிருந்து விலகுவதாகவும் அறிவித்தார். 'லியோ'வின் முடிவில் பார்த்திபனுக்கு விக்ரமின் குரலில் ஒரு போன் வருகிறது. அடுத்து இருவரும் சேரப் போகிறார்கள் என்ற வாக்குறுதி அது. அதை நிறைவேற்ற வேண்டிய ஒருவர் முழுநேர அரசியலில். இன்னொருவர், கமல்ஹாசன், 2025 ஜூலையிலிருந்து மாநிலங்களவை உறுப்பினர். அந்தப் போன் காலுக்கு இனி எந்தப் படம் பதில் சொல்லும்?

ரசிகனுக்கு நஷ்டம் இங்கேதான். தனிப்படம் என்றால் பிடித்தது, பிடிக்கவில்லை என்று போய்விடலாம். தொடர் உலகத்தில் அவன் ஒவ்வொரு படத்திலும் அடுத்த படத்துக்கும் சேர்த்து ஆசையை வைக்கிறான். அன்புவின் முகத்துத் தழும்பை அவன் ஞாபகம் வைத்திருந்தான் என்பதால்தான் 'விக்ரம்' கிளைமாக்ஸில் தியேட்டர் எழுந்து நின்றது. அந்த ஞாபகத்துக்குக் கணக்கு ஒத்துவராவிட்டால் அவன் அடுத்த முறை கவனிப்பதை விட்டுவிடுவான். பிறகு எந்தத் தழும்பைக் காட்டியும் விசில் வராது.

'கைதி 2' முன்னால் நிற்கும் கணக்கு

இந்த உலகம் எப்படித் தொடங்கியது என்பதைச் சொல்ல ஒரு குறும்படம் எடுத்திருப்பதாக லோகேஷ் 2024 நவம்பரில் அறிவித்தார். 'பிள்ளையார் சுழி: சாப்டர் ஜீரோ' என்று பெயர். போஸ்டரில் ஒரு ஷாட், இரண்டு கதை, 24 மணி நேரம் என்று போட்டிருந்தார்கள். இங்கும் அவர் அளப்பது மணிக்கணக்கில்தான். அவருடைய பலம் அது என்பதால் குறும்படம் விறுவிறுப்பாகவே இருக்கும் என்று நம்புகிறேன். என் ஆசையெல்லாம் அந்த 24 மணி நேரம் எந்த வருடத்தில் என்பதையும் சேர்த்து எழுதிவிட வேண்டும் என்பதுதான்.

அதைவிடப் பெரிய சோதனை 'கைதி 2'. டில்லி சிறைக்குப் போவதற்கு முன் கபடி ஆடியவன் என்று லோகேஷ் முன்பே சொல்லியிருக்கிறார். 'கைதி' நடந்தது படம் வந்த 2019-ல் என்று வைத்துக்கொண்டால், டில்லி உள்ளே போனது 2009 வாக்கில். பழைய கதையைச் சொல்லும் காட்சிகளில் பட்டன் போன், அந்தக் காலத்து பஸ், சுவர் விளம்பரம் எல்லாம் திரும்பி வர வேண்டும். அடைக்கலத்துக்கும் டில்லிக்கும் பழைய பகை ஏதோ உண்டு என்று முதல் படம் ஒரு கோடு காட்டிவிட்டுப் போனது. அந்தப் பகையும் இந்த வருடங்களுக்குள் அடங்க வேண்டும்.

பிறகு அமுதா. அப்பா தரப்போகும் கம்மலுக்காக நம்மையும் காத்திருக்க வைத்த குழந்தை. அந்த வேடத்தில் நடித்த மோனிகா 2019-க்குப் பிறகு வளர்ந்துவிட்டார். கதை 'விக்ரம்' முடிந்த சூட்டில் தொடர்கிறது என்றால் அமுதா இன்னும் சின்னப் பெண்ணாகத்தான் இருக்க வேண்டும். வேறு குழந்தையை நடிக்க வைக்கலாம், ஆனால் முதல் படத்தின் கடைசிக் காட்சியில் அந்த முகத்தைப் பார்த்துக் கண் கலங்கியவர்கள் இன்னொரு முகத்தை ஒத்துக்கொள்வது கஷ்டம். கணினி கொண்டு வயதைக் குறைத்தால் குழந்தையின் முகத்தில் அது எடுபடாது.

என்னைக் கேட்டால் வருடங்கள் ஓடிவிட்டன என்று நேராக ஒத்துக்கொள்வதே நல்லது. படம் தொடங்கியதும் திரையில் வருடத்தைப் போடட்டும். அமுதா வளர்ந்திருக்கட்டும், அப்பாவைக் கேள்வி கேட்கிற வயதில் இருக்கட்டும். டில்லிக்கு அவளோடு சில வருடம் நிம்மதியாக வாழக் கிடைத்திருக்கட்டும். டில்லியாக நடிக்கும் கார்த்தியின் முகத்தில் ஏறியிருக்கும் வயதும் அப்போது கதைக்கு உதவும். அப்படி எடுத்தால், 'விக்ரம்' முடிவில் டில்லியின் பெயரைக் காதில் வாங்கிய ரோலெக்ஸ் இத்தனை வருடம் ஏன் சும்மா இருந்தான் என்பதற்கு ஒரு வலுவான காட்சி வேண்டும். அடைக்கலமும் அன்புவும் எப்படி வெளியே வந்தார்கள் என்பதையும் அதே காட்சியிலேயே சொல்லிவிடலாம்.